ஜேம்ஸ்டவுனில் விட்ட மூன்று ஜோடி

கலிபோர்னியாவின் சான் ரமோனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்கதவு வழியாக வருவது குறைவு. பழகியவர்கள் எல்லோரும் கராஜ் வழியாகத்தான் நுழைவார்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்ட் உண்டு. அதன் மேல்தட்டில், நல்ல தோல் ஷூக்களுக்கு நடுவே, ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இருக்கிறது. குதிகால் பக்கம் தேய்ந்து, வார் வெளுத்துப்போனது. நம் ஊரில் குளியலறை வாசலில் கிடக்கும் ரகம். குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிவிட்டு வரலாமென்று யாராவது அதில் காலை நுழைத்தால் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"அத எடுக்காதீங்க. அது மேடைக்குப் போற செருப்பு."

சிலர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சிலர் உட்கார்ந்து காரணம் கேட்பார்கள். அவள் சொல்லும் கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்கிறது. போன மாதம் சொன்னபோது அதில் வருகிற ஆடுகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன். தேதி போடாத கடிதத்தைப் படிக்கும்போதுகூட எனக்கு ஒரு காலில் நிற்பதுபோல் இருக்கும். அதனால் ஆடுகள் மேலும் பெருகுவதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

என் மனைவி ஈரோட்டில் வேதியியல் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்தபோது அவளுக்குக் கிடைத்தது வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. கிரீன் கார்டு வந்து சேர்வதற்குள் எங்கள் மகள் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் குடிநீர் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் இவள் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளுக்குச் சோதனை செய்து கொடுப்பாள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் வரியில் அவள் பெயர் வரும். சில சமயம் அதுவும் வராது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் காலையில், குழாயிலிருந்து வரும் முதல் தண்ணீரைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாரக்கணக்கில் குழாய்க்குள்ளேயே தேங்கி நின்ற தண்ணீர் அது. குழாயின் உலோகம் அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும் அல்லவா? முதலில் ஓடிவரும் குழந்தை அதைத்தானே குடிக்கும்? அவளே பள்ளிகளில் அனுமதி கேட்டு, அவளே தண்ணீர் பிடித்து, அவளே சோதித்தாள். அதை எழுதி ஒரு சர்வதேசத் தண்ணீர் மாநாட்டுக்கு அனுப்பினாள். வந்து பேசும்படி அழைத்தார்கள். முதன்முறையாக அவள் பெயர் கடைசி வரியில் இல்லாமல் முதல் வரியில் இருந்தது. மாநாடு நடந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் தலைநகரான அக்ரா.

ஈரோட்டிலிருந்து மாமியார் போனில் கேட்டார். "ஆப்பிரிக்கா போறதுக்கு எதுக்குச் சாமி அமெரிக்கா போனீங்க? இங்கிருந்து கிட்டமாச்சே."

பேச்சைவிட அவளுக்குப் பெரிய கவலை ஷூ. லிவர்மோர் பக்கத்து அவுட்லெட் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து, கொஞ்சம் குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூ ஒன்று வாங்கினாள். கடையின் தரையில் நடந்து நடந்து பார்த்தாள். அழகுக்காக என்று நினைத்தேன். சத்தத்துக்காகவாம்.

"எங்க மேனேஜர் மீட்டிங்குக்கு வந்தா டக் டக்னு சத்தம் வருமுங்க. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்பாங்க. நான் போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. மேடையில ஏர்றப்ப எனக்கும் ஒரு சத்தம் வேணும்."

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வாஷிங்டன் வழியாக அக்ரா போய் இறங்கினோம். ஐப்பசி மாதம். காற்றில் இருந்த ஈரம் சென்னைக் காற்றின் ஈரம் மாதிரியே இருந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் கண்ணாடி பூத்துப்போயிற்று.

மாநாட்டுக்கு வந்தவர்களை வியாழக்கிழமை காலை ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. என் மனைவியின் பேச்சு அதே நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் முதல் பேச்சு. அறையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பதைவிடப் பஸ்ஸில் உட்கார்ந்து பயப்படலாம் என்று அவள் கிளம்பினாள். புது ஷூ கடிக்கும், காலையிலேயே போட்டுப் பழக்கிவிடு என்று யோசனை சொன்னவன் நான். சுற்றுலா முடிந்ததும் நேராக மாநாட்டு மண்டபத்துக்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதால் அதுதான் வசதியும்கூட.

ஊர் சுற்றிக் காட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எங்கள் பே ஏரியாவில் பத்து வருடம் குடியிருந்த எந்தத் தமிழனுக்கும் உண்டு. பெற்றோர், மாமனார், சித்தப்பா, சித்தப்பாவின் நண்பர் என்று யார் வந்தாலும் ஒரே தடம்தான்: சிவப்புப் பாலம், வளைந்து வளைந்து இறங்கும் தெரு, குபெர்டினோவில் வட்டமான கட்டடத்தை வெளியிலிருந்தே ஒரு பார்வை, கோயில், புளியோதரை, அவுட்லெட். யாருக்கு எந்த இடத்தில் கால் வலிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். இன்னொருவர் என்னைக் கூட்டிப்போக, நான் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

காலைச் சாப்பாட்டின்போதே எங்களுக்கு ஒரு துணை கிடைத்தார். அறுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவர், தண்ணீர்ப் பம்பு வடிவமைக்கும் பொறியாளர். தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"நீங்கள் தமிழ்தானே? அங்க இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். பிள்ளை ஆம்லெட்டில முட்டையை விட்டுட்டு வெங்காயத்த மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டவா. அப்பவே விளங்கிட்டுது."

"முட்டை இல்லாம கேட்டேன் அங்கிள்" என்றாள் என் மனைவி. "முட்டையோட கொஞ்சமா வெங்காயம் போட்டுத் தந்துட்டாங்க."

பஸ்ஸில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் இளம்பெண். மாநாட்டு விருந்தோம்பல் குழுவைச் சேர்ந்தவர். அவர் பேசிய ஆங்கிலம் பாட்டுப்போல் ஏறி இறங்கியது. எங்கள் ஊரைப் பார்க்க வந்துவிட்டு எங்கள் டிராபிக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனோம் என்று சொல்லக் கூடாது, அதனால் டிராபிக்கையும் நான் விளக்கிச் சொல்வேன் என்றார். சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றபோது தலையில் பெரிய தட்டு வைத்த பெண்களும் கையில் சரம் சரமாகப் பொருள் தொங்கவிட்ட ஆண்களும் கார்களுக்கு நடுவே நடந்து வந்தார்கள். பாக்கெட் தண்ணீர், வாழைக்காய் வறுவல், போன் சார்ஜர், சுவர்க் கடிகாரம், ரப்பர் செருப்பு. ஒரு வீடு குடிவைக்கத் தேவையான அத்தனையையும் பஸ்ஸை விட்டு இறங்காமலே வாங்கிவிடலாம்.

கடலோரமாக வெள்ளையடித்த கோட்டை ஒன்று தெரிந்தது. ஓசு என்ற பகுதி. நான் படித்துவிட்டு வந்திருந்தேன். டேனியர்கள் கட்டியது அது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டேனியர்கள். தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றது 1845. ஐந்தே ஆண்டில் இதையும் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் இந்த ஊர்க்காரர்களும் ஒரே ராஜாவுக்கு வரி கட்டியிருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பார் என்றேன்.

"நாலாவது ஸ்லைடு என்னன்னு மறந்துபோச்சுங்க" என்றாள் மனைவி.

வழிகாட்டிப் பெண் அந்தக் கோட்டையைக் காட்டியபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். அதன் நிலவறைகளில் மனிதர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றியதைச் சுருக்கமாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் அடுத்த சிக்னலுக்கு வந்து, ஒரு பெண் ஜன்னலில் வாழைக்காய் வறுவலை நீட்டிய பிறகுதான் மறுபடி பேச்சு கேட்டது.

விடுதலை வளைவையும் பெரிய மைதானத்தையும் பார்த்துவிட்டு ஜேம்ஸ்டவுனில் இறங்கினோம். நகரத்தின் பழைய பகுதி. மீன் வாடை, வண்ணம் பூசிய படகுகள், தெருவில் சுதந்திரமாகத் திரியும் ஆடுகள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். அது கட்டப்பட்ட ஆண்டாக என் கையேடு ஒன்றைச் சொல்ல, வழிகாட்டிப் பெண் வேறொன்றைச் சொன்னார். நான் விடவில்லை. இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும் என்றேன்.

"ரெண்டுமே பழசுதான் சார்" என்றார் அவர். என் மனைவிக்கு அன்று வந்த முதல் சிரிப்பு அதற்குத்தான்.

கலங்கரை விளக்கத்துக்கு அருகில் ஒரு பெரிய குடும்பத்தின் பழைய வீடு. அந்தப் பகுதியின் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார், ஊருக்குள் வந்தவர்கள் முதலில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுதான் மரியாதை என்றார் வழிகாட்டி. தெருவையொட்டி ஒரு மரக்கதவு. உள்ளே நீளமான நடை. அதைத் தாண்டி முற்றம்.

இங்கேதான் நாங்கள் மூவரும் ஒரு காரியம் செய்தோம். யோசித்துச் செய்ததல்ல. தெருக்கதவைப் பார்த்ததும் கால்கள் தாமாகவே நின்றன. யாழ்ப்பாணத்துக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். நான் என் ஷூவைக் கழற்றிக் காலுறையை அதற்குள் சுருட்டி வைத்தேன். மனைவி தன் கறுப்பு ஷூவைத் தூசி படாத மூலையாகப் பார்த்து ஒதுக்கி வைத்தாள். தெருவாசலிலேயே மூன்று ஜோடியும் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பின்னால் வந்த டென்மார்க்கும் பிரேசிலும் கனடாவும் ஷூக்காலோடு எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள்.

முற்றத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துணி போர்த்தியிருந்தார். அவர் நேராக எங்களிடம் பேசவில்லை. பக்கத்தில் கோலோடு நின்ற இன்னொருவரிடம் தாழ்ந்த குரலில் சொல்வார். அவர் அதை உரக்க, அழகுபடுத்திச் சொல்வார். வழிகாட்டிப் பெண் ஆங்கிலமாக்குவார். எங்கள் பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். வந்த எல்லோருக்கும் முதலில் தண்ணீர் தந்தார்கள். குடித்து முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகுதான், வந்த சேதி என்ன என்று கேட்டார்கள். தண்ணீர் கொடுத்த பிறகுதான் சேதி கேட்க வேண்டுமாம்.

கோல்காரர் எங்கள் வெறுங்கால்களைப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் ஏதோ சொன்னார். பெரியவர் எட்டிப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். இந்த மூன்று பேருக்கும் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேள்வி வந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் சார்பில் எழுந்து நின்று பதில் சொன்னார். "சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. வீட்டுக்குள்ள சப்பாத்தோட போனா எங்கட அம்மா விளக்குமாறு எடுப்பா." ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அம்மா என்பதை அம்மா என்றே சொன்னார். அது மூன்று வாய்கள் வழியாகப் பெரியவரைப் போய்ச் சேர்ந்தது. அவர் தொடையைத் தட்டினார். அவருடைய அம்மாவும் விளக்குமாறுதானாம். அதைக் கேட்டு டென்மார்க்கும் பிரேசிலும் அவசரமாகக் குனிந்து ஷூவைக் கழற்றித் தங்கள் நாற்காலிகளுக்குக் கீழே தள்ளினார்கள்.

பேச்சும் சிரிப்புமாக நேரம் போயிற்று. என் போன் அலாரம் அடித்ததும் எழுந்தோம். நடையைத் தாண்டித் தெருவாசலுக்கு வந்தோம். அங்கே ஒரு ஆடு நின்றது. ஒன்றே ஒன்று. மூன்று ஜோடியையும் காணவில்லை.

யாரும் திருடவில்லை. அது உடனே தெரிந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்மணி ஒருவர், பெரியவரின் மருமகள், தெருவாசலில் விருந்தாளிகளின் நல்ல ஷூக்கள் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஆடு வாயை வைத்துவிடுமே என்று எடுத்துப்போய்த் தன் அறையில் வைத்துப் பத்திரமாகப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மக்கோலா சந்தைக்குப் போய்விட்டார். உள்ளே நாற்காலிக்குக் கீழே கழற்றியவர்களின் ஷூக்கள் அப்படியே இருந்தன. ரொம்ப மரியாதையாகத் தெருவிலேயே கழற்றியவர்களுடையது மட்டும்தான் சிறையில்.

கோல்காரர் அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தார். பூட்டிய கதவுக்குப் பின்னால் மணி அடித்தது. போனையும் எங்கள் ஷூக்களோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மக்கோலா சந்தைக்கு ஆள் ஓடிற்று. ஆனால் அந்தச் சந்தையில் ஒருவரைத் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவில் தேடுவது போல. வழிகாட்டிப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். ஹோட்டல் வேறு திசையில். அங்கே போய் வேறு ஷூ எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தால் பேச்சு நேரம் தாண்டிவிடும். பெரியவருக்கு விஷயம் போயிற்று. அவர் எழுந்தே வந்துவிட்டார். பூட்டை உடையுங்கள், சுத்தியல் கொண்டுவாருங்கள் என்றார்.

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அவங்க ரூமுங்க அது. நம்ம ஷூவப் பத்திரமா வெச்சதுக்கு, வந்து பாத்தா பூட்டு உடைஞ்சு கெடக்கோணுமா?"

"அப்ப உன் பேச்சு?"

அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. அவுட்லெட்டில் அந்த ஷூவோடு அவள் நடந்து நடந்து பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"பிள்ளை, சப்பாத்துப் போனாப் போகட்டும். வாய் இருக்குதுதானே" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ, போவம்."

வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் மூன்று பேரும் குதித்துக் குதித்துப் பஸ்ஸில் ஏறினோம். படகு வலிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதல் சிக்னலிலேயே வழிகாட்டிப் பெண் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, செருப்புச் சரம் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். சிக்னல் பச்சையாவதற்குள் வியாபாரம் முடிய வேண்டும். அவர் பஸ்ஸோடு ஓடிக்கொண்டே ஜன்னலுக்குள் செருப்புகளை எறிந்தார். மனைவிக்கு நீலம், ஏறக்குறைய அளவு சரி. எனக்கு வந்தது இரண்டு பேர் கால் போகிற பெரிது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இளஞ்சிவப்பு, மேலே பூ வைத்தது.

"நல்ல வடிவாத்தான் இருக்கு" என்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். "எடிசனில ஆரிட்டயும் இல்லை."

இந்தச் செருப்புக்கு எங்கள் ஊரில் 'சாலே வொட்டே' என்று பெயர், 'நண்பா, போகலாம் வா' என்று அர்த்தம் என்றார் வழிகாட்டி. மனைவி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலாவது ஸ்லைடை அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பஸ்ஸிலேயே ஒரு காகிதப் பொட்டலத்தில் காரம் போட்டுப் பொரித்த பழுத்த வாழைப்பழம் கைமாறி வந்தது. அதுதான் எங்கள் மதியச் சாப்பாடு. அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடை பழங்காலத்து மரப்பலகை. முன்னால் மார்பளவு உயர மேசை. அதற்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் காலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துப் படி வழியாக, விரல்களால் செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் ஏறிப் போனாள். நான் மூன்றாம் வரிசையில். என் பக்கத்தில் இளஞ்சிவப்புச் செருப்பு.

தொடக்கம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். குரல் அவளுடையதாக இல்லை. முன்வரிசையில் ஒருவர் போனைப் பார்க்கத் தொடங்கினார். அப்போது திரையில் புள்ளி காட்டும் கருவி வேலை செய்யாமல் போயிற்று. அமர்வின் தலைவர், வெள்ளைத் தலைமுடி வைத்த கண்டிப்பான பெண்மணி, கையடக்க மைக்கை நீட்டி, திரைக்குப் பக்கத்தில் போய்க் கையாலேயே காட்டுங்கள் என்றார்.

மேசைக்கும் திரைக்கும் நடுவே வெறும் மரப்பலகை. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? நடந்தாள். சப்பக், சப்பக், சப்பக். அந்த மண்டபத்தில் அந்தச் சத்தம் கைதட்டுவதுபோல் கேட்டது. மைக்கும் அதைப் பிடித்துக்கொண்டது. போன் பார்த்தவர் நிமிர்ந்தார். எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் நின்றாள். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்: என்னிடம் நல்ல ஷூ ஒரு ஜோடி இருக்கிறது. இந்தப் பேச்சுக்காகவே கலிபோர்னியாவில் வாங்கியது. இப்போது ஜேம்ஸ்டவுனில் ஒரு வீட்டில் ஆடுகளிடமிருந்து பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி மக்கோலா சந்தையில் இருக்கிறது. அதனால், சாலே வொட்டே.

உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பாதி மண்டபம் முதலில் சிரித்தது. மீதிப் பாதிக்கு அர்த்தம் சொல்லப்பட்டு அவர்களும் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அமர்வின் தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு என் மனைவி மேசைக்குத் திரும்பிப் போகவில்லை. எழுதி வைத்ததையும் பார்க்கவில்லை. பள்ளி திறக்கும் காலையில் முதலில் ஓடிவரும் குழந்தையைப் பற்றி, எங்கள் சமையலறையில் எனக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். திரையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து காட்டினாள். ஒவ்வொரு நடைக்கும் சப்பக் சத்தம்.

கேள்விகள் வந்தன. ஒன்றுக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்பதை அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர், எங்கள் பள்ளிகளில் குழாய்க்குப் பதில் தொட்டியில்தான் தண்ணீர் நிற்கிறது, அதையும் இதேபோல் சோதிக்க முடியுமா என்று கேட்டார். இருவரும் மேடையோரத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு நான் அனுப்பிய வீடியோவுக்கு உடனே பதில் வந்தது. "வெயிட், ஈஸ் அம்மா வேரிங் பாத்ரூம் ஸ்லிப்பர்ஸ்?"

சாயங்காலம் ஹோட்டல் முன்கூடத்தில் எங்களைத் தேடி இரண்டு பேர் வந்திருந்தார்கள். கோல்காரரும் அந்த வீட்டு மருமகளும். கோல்காரர் கோல் இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில் வேறு ஆளாகத் தெரிந்தார். அந்தப் பெண்மணி கையில் ஒரு துணிப்பை. நாற்காலியில் உட்காரவே கூசினார். ஏதோ சொல்லத் தொடங்கினார். என் மனைவி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உணவுக்கூடத்துக்குப் போய் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் குடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. என்ன சேதி?"

அந்தப் பெண்மணி கோல்காரரைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். பையிலிருந்து மூன்று ஜோடியும் வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டிருந்தார். வருடக்கணக்கில் பாலிஷ் காணாத என் ஷூவை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரின் சப்பாத்துக் கயிறுகள் தோய்த்து இஸ்திரி போட்டதுபோல் இருந்தன.

"இனி எங்க போனாலும் வாசல்லதான் கழட்டி வைப்பன்" என்றார் அவர்.

பூட்டை உடைக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். மனைவியைக் காட்டினோம். அவர் எழுந்து வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் கண் கீழே போயிற்று. நீலச் செருப்பைப் பார்த்தார். இதைப் போட்டுக்கொண்டா மேடை ஏறினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள் இவள்.

"எங்க வீட்டுல இதப் போட்டுட்டு வாசல் தாண்டவே விடமாட்டோம்" என்றார் அந்தப் பெண்மணி. கோல்காரர் அதை ஆங்கிலத்தில் இன்னும் அழகுபடுத்திச் சொன்னார். இருவரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த வருடம் பங்குனியில் டெக்சாஸில் பிளானோவிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் கூடும் கூட்டம். நானும் போனேன். விமான நிலையத்திலிருந்து டோல்வேயில் கார் ஓட்டிக்கொண்டு போனபோது அவள் ஸ்லைடைப் பற்றிப் பேசவில்லை. வழியில் தெரிந்த தோசைக்கடையைப் பற்றித்தான் பேசினாள். ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறந்தாள். மேலே கறுப்பு ஷூ. அதற்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, நீலச் செருப்பு.

"ரெண்டும் எதுக்கு?"

"தரையப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

மறுநாள் காலை கூட்டம் நடக்கும் அறைக்குச் சீக்கிரமே போனோம். சுவரிலிருந்து சுவர்வரை கனத்த கம்பளம். அவள் கறுப்பு ஷூவால் ஒருமுறை அழுத்தி மிதித்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. பையிலிருந்து நீலச் செருப்பை எடுத்துக் கீழே தட்டிப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

"எதப் போட்டாலும் ஒண்ணுதான்" என்று அதைப் பையில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

ஆட்கள் காபிக் கோப்பைகளோடு வந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. கம்பளத்தில் நடந்து போய் மைக்கை எடுத்து, "குட் மார்னிங்" என்றாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை அது. செருப்புப் பை என் மடியில் இருந்தது.